கிள்ளானில் நீ எடுத்த பழைய வைஸ்

இன்று காலை கிள்ளான் லிட்டில் இந்தியாவில் மளிகைக்கடைக்குள் யாரோ வினிகர் போத்தலைக் கைதவறிப் போட்டு உடைத்துவிட்டார்கள். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்கள். நான் மட்டும் பருப்பு மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தேன். அது உன் வீட்டுப் பின்கட்டின் வாசம்.

பக்கவாதம் உன் இடது கையை எடுத்துக்கொண்ட பிறகு நீ யாரையும் பார்க்க விரும்பவில்லை. வயர்மேனாக ஊரெல்லாம் சுற்றியவன், நண்பன் நான் வந்தால்கூட டிவியை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டாய். "பேசுனாலே எரிஞ்சு விழுறாரு அண்ணே" என்று உன் மனைவி வாசல்வரை வந்து அழுவாள். அப்படி இருந்தவன் ஒருநாள் நீயே போன் செய்தாய். "டேய், காரை எடுத்துட்டு வா. ஒரு சாமான் தூக்கணும்."

பழைய இரும்புக் கடையின் மூலையில் கிடந்தது அந்த வைஸ். மேசையில் பூட்டி, சாமானைத் தாடைகளுக்கு நடுவே வைத்துத் திருகினால் பிடித்துக்கொள்ளுமே, அது. துரு ஏறி ஒரே கட்டியாக இறுகிப்போயிருந்தது.

"இது எதுக்குடா? அசையவே மாட்டேங்குது."

"என் கையும்தான் அசைய மாட்டேங்குது. எனக்குப் பிடிச்சுக்க ஒண்ணு வேணும்லா."

துணி துவைக்கும் பேசினில் வினிகரை ஊற்றி அதை ஊறப்போட்டாய். வீடே நாறுகிறது என்று உன் மனைவி திட்டினாள். பேசினை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, வலது கையால் பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாய். துருவுக்கு அடியிலிருந்து சாம்பல் நிற இரும்பு வந்தது. திருகுதண்டும் ஒருவழியாகக் கழன்றது. ஆனால் அது ஓடுகிற வெண்கல நட்டுக்குள்ளே மரை தேய்ந்து வழுவழுவென்றிருந்தது. அந்த மாதிரி நட்டு எந்தக் கடையிலும் இல்லை.

பூச்சோங்கில் நான் வேலை செய்த பட்டறையில் முதலாளியிடம் கேட்டு, வேலை முடிந்தபின் லேத்தில் புதுசாக ஒன்று கடைந்து கொண்டுவந்தேன். இரண்டு சுற்று நன்றாக ஏறியது. பிறகு கடித்துக்கொண்டது. பழைய காலத்து அங்குல மரையை நான் மில்லிமீட்டர் கணக்கில் வெட்டியிருந்தேன். அலுப்பில், "விடுடா, புதுசா ஒரு வைஸ் வாங்கித் தரேன்" என்றேன்.

நீ பிரஷைத் தரையில் எறிந்தாய். "வாங்கிக் குடுத்துட்டு நீ போயிடுவே. அப்புறம் நான் என்ன செய்யுறது? மறுபடி டிவி முன்னால அந்த நாற்காலியா?"

மறுபடி அளந்து, மறுபடி வெட்டினேன். இந்த முறை தண்டு கடைசிவரை போனது. நீ கைப்பிடியைச் சுற்ற, தாடைகள் மெதுவாக வந்து ஒன்றோடொன்று சேர்ந்தன. பழுதான காற்றாடியின் வயரை எடுத்துத் தாடைக்குள் கொடுத்து இறுக்கினாய். ஒற்றைக் கையால் ரப்பரை உரித்தாய், பிளக்கை மாட்டினாய். காற்றாடி சுற்றியது. அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த உன் மனைவி உள்ளே போய், சூடாகாத அயர்ன்பாக்ஸைக் கொண்டுவந்து உன் முன்னால் வைத்தாள்.

அதற்குப் பிறகு அக்கம்பக்கம் முழுவதும் உன் கதவைத் தட்டியது. "அங்கிள், இந்த ரைஸ் குக்கரைக் கொஞ்சம் பாருங்கலா." கேள்விப்பட்டவர்கள் தங்கள் பழைய வைஸ்களையும் தூக்கி வந்தார்கள். நீ துரு எடுத்தாய், நான் நட்டும் தாடைத் தகடும் செய்து சனிக்கிழமை மதியங்களில் கொண்டுவந்தேன். அப்படியே வருஷங்கள் போயின. இரண்டாவது முறை வந்த பக்கவாதம் உனக்கு அவகாசமே தரவில்லை.

காரியம் முடிந்த சில வாரங்களில் உன் மனைவி என்னைக் கூப்பிட்டாள். பின்கட்டில் யாருடையதோ ஒரு வைஸ் பாதி தேய்த்தபடி கிடந்தது. எல்லாவற்றையும் எடுத்துப் போகச் சொல்வாள் என்று நினைத்துத்தான் போனேன்.

"இதுக்கு நட்டு இல்லை அண்ணே. நீங்க வெட்டிக் கொண்டாங்க. மிச்சத்தை நான் தேய்க்கிறேன்" என்றாள். "அவர் எப்படித் தேய்ப்பாருன்னு இத்தனை வருஷம் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

அந்த வைஸ் உடையவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. இப்போது வேறொன்று வந்திருக்கிறது. நான் ஓய்வு பெற்றாயிற்று; ஆனாலும் லேத்துக்காகப் பழைய முதலாளியிடம் போய் நிற்கிறேன். சனிக்கிழமை மதியம் யார் எங்கே கூப்பிட்டாலும், எனக்கு வேலை இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.