பூரணி வீட்டுப் படி

திருகோணமலை
6.2.2000

அன்புள்ள பிள்ளை ஜெஸீமாவுக்கு,

போன வியாழன் கண்டி ஆசுப்பத்திரிப் படியடியில் நிண்ட ஆக்கள்: பெரிய டொக்டர், தடிச்ச கண்ணாடி போட்ட தாதி, என்ர மருமகள் கமலேஸ்வரி, பயிற்சி சொல்லித்தந்த நீங்கள், நான். பதினோராம் படியில் மூச்சு முட்டி நான் குந்தினதை இத்தனை பேரும் பார்த்தனீங்கள். ஐஞ்சு கிழமையில் இரண்டு மாடி நிக்காமல் ஏறினால்தான் வயித்தை வெட்டுவன் எண்டு டொக்டர் சொன்னதை நான் மறக்கேல்லை.

ஒரு சந்தேகம். புற்று இருக்கிறது வயித்தில். அதுக்கு ஏன் பிள்ளை காலுக்கு வேலை? நீங்கள் சொன்ன மூச்சுப் பயிற்சிக்குப் போத்தில் தண்ணிக்குள் குழாய் விட்டு ஊதுறன், பேரப்பிள்ளையள் சிரிக்குதுகள். வருத்தக்காரி படுத்திருக்க வேணுமெண்டு கமலேஸ்வரி செருப்பை ஒளிச்சுப்போட்டாள். வெறுங்காலோட நடந்தனான்.

அன்னலட்சுமி


கண்டி
14.2.2000

அன்புள்ள அம்மா,

நல்ல கேள்வி. வெட்டின பிறகு, கட்டிலில் கிடக்கும்போதே உங்கள் நெஞ்சும் மூச்சும் மலை ஏறுகிற அளவுக்குப் பாடுபடும். ஏறிப் பழகின உடம்பு அதைத் தாங்கி வேளைக்கு எழும்பும். நடை மட்டும் காணாது, படி வேண்டும். நெஞ்சு நொந்தால் உடனே நில்லுங்கள். தினமும் முட்டை சாப்பிடுங்கள். இதை மருமகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள். உங்களுக்காகத் துஆச் செய்கிறேன்.

ஜெஸீமா


திருகோணமலை
27.2.2000

அன்புள்ள பிள்ளைக்கு,

வாசிச்சுக் காட்டினனான். செருப்பு வந்திட்டுது, முட்டையும் வருகுது.

படிக்கு எங்கை போறது? கோணேசர் கோயில் படி கோட்டைக்குள்ளை. ஆமிக்காரனுக்கு அடையாள அட்டை காட்டி முடியவே அரைநாள் போயிடும். எங்கட ஒழுங்கையில் மாடி வீடு ஒண்டுதான். அது என்ர தங்கச்சி பூரணியின்ர. தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து எல்லாரும் நிலாவெளிக்கு ஓடேக்கை, லொறியில் எங்களுக்கு இடமில்லை எண்டு சொல்லிப்போட்டு அலுமாரியை ஏத்தினவள். காய்ச்சலில் கிடந்த பேத்தியைத் தூக்கிக்கொண்டு நான் நடந்தனான். அண்டையிலிருந்து எங்களுக்குள்ளை கதை பேச்சு இல்லை.

போனனான். படிக்குத்தான் வந்தனான் எண்டன். கதவைத் திறந்தாள். மேலை நிண்டால் துறைமுகம் முழுக்கத் தெரியுது பிள்ளை. இவ்வளவு காலம் பக்கத்தில இருந்தும் நான் இப்பிடிப் பார்த்ததில்லை. காலமை நிண்ட சீமெந்துக் கப்பல் போயிட்டுதோ எண்டு பார்க்கவே இன்னொருக்கா ஏறுறன்.

பூரணி கீழை நிண்டு எண்ணுறாள். நான் பத்துத் தரம் ஏறினால் எட்டு எண்டுறாள். எண்ணத் தெரியேல்லையோ, இன்னும் ஏறட்டும் எண்டோ, நான் கேக்கேல்லை.

அன்னலட்சுமி


கண்டி ஆசுப்பத்திரி
15.3.2000

அன்புள்ள ஜெஸீமாவுக்கு,

நீங்கள் பெருநாள் லீவில் கிண்ணியா வீட்டுக்குப் போயிட்டீங்களாம், அதால எழுதுறன். முந்தநாள் இரண்டு மாடியும் நிக்காமல் ஏறினனான். டொக்டர் நாடியைப் பிடிச்சுப் பார்த்திட்டுத் தலையாட்டினார். நாளைக்கு வெட்டு.

பூரணியும் பஸ்ஸில் கூட வந்தவள். இண்டைக்குக் கட்டிலடியில் இருந்துகொண்டு, "அக்கா, அந்த லொறி விசயத்தை மன்னிச்சிட்டன் எண்டு ஒரு வார்த்தை சொல்லு" எண்டாள். பக்கத்துக் கட்டில் மனுசியும் சொல்லச் சொல்லி அவளுக்கு ஒத்துப் பாடினா.

நான் சொல்லேல்லை. போற ஆக்கள்தான் எல்லாரையும் மன்னிச்சிட்டுப் போறவை. "நான் போக வரேல்லையடி" எண்டன். அவள் மூக்கைச் சிந்திப்போட்டு, "அப்ப எழும்பி வந்து என்னோட சண்டை பிடி" எண்டாள்.

வெட்டு முடிய ஆரைக் கூப்பிட வேணும் எண்டு தாதி கேட்டு எழுதினா. நான் மன்னிக்காத ஒருத்தி வெளியில் நிப்பாள், அவளைக் கூப்பிடுங்கோ எண்டன். பேர் கேட்டா.

பூரணி எண்டன்.

அன்னலட்சுமி