சாபாவிடம் இன்னும் சொல்லவில்லை

அபுதாபி
08.06.2000, வியாழக்கிழமை

அன்பு மகன் வசீகரனுக்கு அம்மா எழுதுவது.

நான் சுகம், உன் சுகம் அறிய ஆவல் என்று தொடங்க எனக்கு மனம் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபம்தான் தீரவில்லை. உன் கடிதத்தை வாசித்த பிறகு இந்த வீட்டில் இரண்டு தரம் சோறு அடிப்பிடித்துவிட்டது. மேடம் பானையைத் தூக்கிப் பார்த்துவிட்டு உனக்கு என்ன நடந்தது என்று கேட்டாள். என் மகனுக்கு விசர் பிடித்துவிட்டது என்று எந்த அரபியில் சொல்வது? தலையிடி என்று சொல்லிவிட்டேன்.

தபாலில் போட்டால் இடையில் யார் யார் பிரித்துப் பார்ப்பார்கள் என்று உனக்குத் தெரியும். அதனால் இதைச் சிவகுருநாதன் மாமாவிடம் கொடுத்து விடுகிறேன். முசஃபாவில் கராஜில் வேலை செய்கிற நம் கொக்குவில் மாமாதான். லீவில் கொழும்புக்கு வருகிறார். ஆனாலும் சில பெயர்களை நான் எழுதப்போவதில்லை. நீ எங்கே போவதாகச் சொல்கிறாய், யாரோடு சேரப் போகிறாய் என்பது உனக்கும் எனக்கும் தெரிந்தால் போதும்.

ஆனையிறவு ஆமி முகாம் விழுந்துவிட்டது, இன்னும் கொஞ்ச நாளில் நமக்கென்று ஒரு நாடு வந்துவிடும், வெள்ளவத்தை லொட்ஜில் படுத்துக்கொண்டு வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வெட்கமாக இருக்கிறது, நானும் துவக்குத் தூக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். நாடு வந்த பிறகு நீங்கள் அரபி வீட்டுக் குசினியில் நிற்க வேண்டியதில்லை அம்மா என்றும் எழுதியிருக்கிறாய். என்னைக் காரணம் காட்டாதே, தம்பி. அப்பாவையும் காட்டாதே. அவர் பாண் வாங்கக் கடைக்குப் போன மனுஷன். ஷெல் விழுந்த இடத்திலிருந்து அவரைப் பாயில் சுற்றி எடுத்தவள் நான். ஆமி செய்த அநியாயத்தை நீ எனக்கு எழுதிக் காட்டத் தேவையில்லை. நியாயம் நம் பக்கம் இல்லை என்று நான் சொல்ல வரவுமில்லை. நாடு வந்த பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்கிறாயே, அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். நாடு கிடைத்தவள் ஒருத்தி இதே குசினியில் என்னோடு நிற்கிறாள்.

அவளுக்குச் சாபா என்று பெயர். செங்கடலுக்கு அந்தப் பக்கம் உள்ள எரித்திரியாக்காரி. இந்த வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அவர்களுடைய நாட்டை எத்தியோப்பியா பிடித்து வைத்திருந்தது. முப்பது வருஷம் சண்டை பிடித்துத் திருப்பி வாங்கினார்கள். சாபா பதினேழு வயதில் தலைமயிரை வெட்டிக்கொண்டு மலைக்குப் போனவள். மலையிலேயே கல்யாணம், மலையிலேயே பிள்ளை. பிள்ளைக்கு அவெத் என்று பெயர் வைத்தாள். அவர்கள் பாஷையில் வெற்றி என்று அர்த்தம். பால்குடி மறந்ததும் அவனைத் தன் தாயிடம் கொடுத்துவிட்டு மறுபடி சண்டைக்குப் போனாள். புருஷன் அங்கேயே செத்தான். அவளுடைய இடது காலில் இன்னும் இரும்புத் துண்டு இருக்கிறது, ஏசிக்குள் அதிக நேரம் நின்றால் நொண்டுவாள். கடைசியில் அவர்கள் வென்றார்கள். நீ எதிர்பார்க்கிற அந்த நாள் அவர்களுக்கு உண்மையாகவே வந்தது. தெருத் தெருவாக ஆடினார்களாம். பிறகு கொஞ்சக் காசைக் கையில் கொடுத்து, மெத்தப் பெரிய உபகாரம், இனி வீட்டுக்குப் போ என்றார்களாம். படிக்கிற வயதில் மலையில் நின்றவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? அதனால் இங்கே வந்து அரபிப் பிள்ளைகளுக்குக் குண்டி கழுவுகிறாள். அவளுக்குக் கொடி இருக்கிறது, பாஸ்போர்ட் இருக்கிறது, எல்லாம் இருக்கிறது.

வென்று ஏழே வருஷத்தில் பழைய எசமானோடு மறுபடி சண்டை தொடங்கியது. எதற்கென்று கேள். எல்லையில் பத்மே என்று ஓர் ஊர். கல்லும் புழுதியும் கொஞ்ச வீடுகளும். சாபாவே அந்த ஊரைக் கண்ணால் கண்டதில்லை. இரண்டு நாட்டையும் இப்போது ஆள்கிறவர்கள் முன்பு ஒரே எதிரியை எதிர்த்துச் சேர்ந்து நின்றவர்கள் என்று அவள் சொல்வாள். வென்ற பிறகு காசுத் தாளில் தகராறு, துறைமுகத்தில் தகராறு, அதற்குப் பிறகு எல்லைக் கோட்டில் தகராறு. யாரோ நாலு பேரை யாரோ சுட்டார்கள். எங்களைச் சின்ன நாடு என்று நினைத்தாயா என்று இவர்கள் டாங்கியை இறக்கினார்கள். நேற்று என்னிடமிருந்து பிய்த்துக்கொண்டு போன துண்டு நீ, உனக்கு இவ்வளவு திமிரா என்று அவர்கள் பிளேனை அனுப்பினார்கள். இறங்கிப் போனால் இவர்களுக்கு மானம் போய்விடுமாம், விட்டுக் கொடுத்தால் அவர்களுக்கு மரியாதை போய்விடுமாம். இரண்டு வருஷமாக இரண்டு பக்கமும் பெடியன்களைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். நீ போகிறேன் என்று எனக்கு எழுதவாவது செய்தாய். அங்கே பதினெட்டு வயதானால் யாரும் கேட்பதில்லை, துவக்கைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அவெத்துக்கும் கொடுத்தார்கள். என் பிள்ளை தூக்கக் கூடாது என்றுதானே நான் தூக்கினேன் என்று சாபா ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

இந்த வீட்டில் அல்மாஸ் என்று இன்னொருத்தி இருக்கிறாள், கூட்டித் துடைக்கிறவள். அவள் எத்தியோப்பியாக்காரி, எல்லையோரம்தான் ஊர். இரண்டு பேரும் பேசுவது ஒரே பாஷை, பிடிப்பது ஒரே விரதம். நான் வந்த புதிதில் ஒரே கோப்பையில் கோப்பி குடித்தவர்கள். சண்டை தொடங்கியதும் எரித்திரியாவின் பிளேன் போட்ட குண்டு அல்மாசின் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விழுந்தது. அவளுடைய அக்காவின் மகள் அதில் செத்துப்போனாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. உப்பு வேண்டுமென்றாலும் என்னிடம்தான் அரபியில் கேட்பார்கள், நான் இந்தக் கையால் வாங்கி அந்தக் கையால் கொடுப்பேன். நீங்கள் இரண்டு பேரும் ஹபஷிதானே, ஒரே இனம், ஒரே முகம், என் வீட்டில் சண்டை மாஃபி, கூடவே கூடாது என்று மேடம் கத்துவாள்.

போன கிழமை ஹாலில் போன் அடித்தது. எடுத்தவள் அல்மாஸ். பேசியவர் அஸ்மராவிலிருந்து சாபாவின் அண்ணன். தங்கள் பாஷையைக் கேட்டதும் தங்கள் ஆள் என்று நினைத்துவிட்டார். மே மாதம் எத்தியோப்பியா பெரிய அடி அடித்ததே, அதில் அவெத் செத்துப்போனான், கூட நின்ற பெடியன் காயத்தோடு வந்து சொன்னான், அரசாங்கம் இன்னும் வாய் திறக்கவில்லை, நீ எங்கள் பிள்ளை, அவளிடம் முறையாகச் சொல்லு என்று சொல்லிவிட்டு அழுதாராம். அவர்களுடைய முறை இதுதான்: சாவைப் போனில் சொல்லக் கூடாது. விடிந்ததும் நாலு பேராக வந்து, ஆளை உட்கார வைத்து, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும். தான் எந்த நாடு என்று அல்மாஸ் அவரிடம் சொல்லவில்லை. சரி அண்ணா, சொல்கிறேன் என்று மட்டும் சொன்னாளாம். நான் எந்தப் பக்கத்து ஆள் என்று என் பேச்சை வைத்தே அவருக்கு விளங்கியிருக்கும், வேறு வழியில்லாமல் சொல்லியிருப்பார் என்று பிறகு என்னிடம் சொன்னாள். குசினிக் கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்து, சாபாவின் மகன் கலாஸ், முடிந்துவிட்டான் என்றாள்.

அன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்று மேடத்திடம் போனோம். மேடமும் அழுதாள், பொய் சொல்லக் கூடாது. கண்ணைத் துடைத்துவிட்டு, புதன்கிழமை என் தங்கையின் கல்யாணம், இவள் விழுந்துவிட்டால் பிள்ளைகளை யார் பார்ப்பது, அது முடியட்டும் என்றாள். வெளி ஆட்கள் யாரையும் வீட்டுக்குள் கூப்பிடவும் கூடாதாம். பிள்ளையைப் பறிகொடுத்தவள் அழுவதற்கும் இங்கே லீவு கிடைக்க வேண்டும். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையில் இருந்த கரண்டியை எறிந்திருப்பேன். எறியவில்லை, கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குப் பிரியாணி கிண்டினேன்.

இந்த ஒரு கிழமை நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. சாபா பாட்டுப் பாடிக்கொண்டு பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தாள். மே இருபத்து நாலாம் திகதி அவர்களுடைய சுதந்திர நாள். அன்று அரை நாள் லீவு வாங்கி, வெள்ளை உடுத்தி, தன் ஊர்ச் சனத்தோடு நொண்டிக் காலால் ஆடிவிட்டு வந்தவள். அப்போதே அவன் இல்லை. இந்த ஞாயிறு அவனுக்கென்று ஒரு சோடி சப்பாத்து வாங்கிக்கொண்டு வந்து, உன் மகனுக்கு என்ன அளவு, இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதானே, இது காணுமா என்று என்னிடம் கேட்டாள். காணும் என்றேன். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

உனக்குச் சிரிப்பு வரக்கூடிய கதையும் ஒன்று உண்டு. ஆனையிறவு செய்தி வந்த நாள் முசஃபாவில் நம் ஆட்கள் லட்டுக் கொடுத்தார்களாம். சிவகுருநாதன் மாமா எனக்கும் இரண்டு கொண்டுவந்தார். உங்கள் மகன் இப்ப எங்க நிக்கிறான் அண்ணை என்று கேட்டேன். கனடாவில என்றார். அப்ப இந்த லட்டை அவனுக்கு அனுப்புங்கோ என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஊரார் பிள்ளையை இறக்கி ஆழம் பார்க்கிறவர்களுக்கு இனிப்பு நன்றாகத்தான் இறங்கும். பாவம், மாமா நல்ல மனுஷன், தலையைக் குனிந்துகொண்டார். கடிதம் கொண்டுபோகச் சம்மதித்ததும் அந்த வெட்கத்தில்தான் என்று நினைக்கிறேன்.

கல்யாணம் நேற்று முடிந்தது. நாளை வெள்ளிக்கிழமை. வீட்டுக்காரர் எல்லோரும் விடியவே அல் அய்னுக்குப் போகிறார்கள். சாபாவை விட்டுவிட்டுப் போக மேடம் சம்மதித்துவிட்டாள். நாலு பேருக்கு எங்கே போவது, நாங்கள் இரண்டு பேர்தான். பாஷை அல்மாசிடம் இருக்கிறது, அவள் சொல்வாள். நான் பிடித்துக்கொள்வேன். அவள் உன்னை அடித்தால் என்ன செய்வாய் என்று அல்மாசிடம் கேட்டேன். அடிக்கட்டும் என்றாள். உன் நாட்டுக்காரன்தான் கொன்றான் என்று முகத்தில் துப்பினால் என்று கேட்டேன். துப்பட்டும், அவள் என்ன சொல்லி அழுகிறாள் என்று எனக்கு விளங்குமே என்றாள்.

அந்தச் சொல்தான் தம்பி, நெஞ்சுக்குள் நிற்கிறது. இந்த வீட்டில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். உனக்கு ஏதாவது நடந்தால் இதே ஹாலில்தான் போன் அடிக்கும். எடுக்கிறவளுக்கு என்ன விளங்கும்? நான் என்ன சொல்லி அழுகிறேன் என்று யாருக்குத் தெரியும்? எதிரி நாட்டுக்காரி என்றாலும் சாபாவுக்கு ஒருத்தி இருக்கிறாள். எனக்கு அப்படி ஒரு எதிரிகூட இங்கே இல்லை.

போகாதே. கோபமாகச் சொல்கிறேன், கெஞ்சியும் சொல்கிறேன். நாடு வந்தால் நானும் சந்தோஷப்படுவேன். அதைப் பார்க்க நீ இருக்க வேண்டும்.

சிவகுருநாதன் மாமா நேரே லொட்ஜுக்கு வருவார். நீயே கீழே இறங்கி வந்து உன் கையால் இதை வாங்கு. பக்கத்து அறைப் பெடியனிடம் கொடுக்க மாட்டார். நீ அங்கே இல்லையென்றால் பிரிக்காமல் திருப்பிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். போன் எடுத்துச் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். லீவு முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவரே வரட்டும். அந்தக் காலைக்கு மேடத்திடம் நான் இப்போதே லீவு கேட்டு வைக்கிறேன். சாபாவும் அல்மாசும் என் இரண்டு பக்கமும் இருப்பார்கள்.

நல்லூர்க் கந்தன் உன்னை இந்த வரி வரைக்கும் வாசிக்க வைக்கட்டும், ராசா.

இப்படிக்கு,
உன் அம்மா
சுந்தராம்பாள்