வீட்டைவிட்டுப் போன துவக்கு

நார்த்மீட்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் வினுஷாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மருமகனும் சின்னவளும் ஒஸ்லோக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. இங்கே நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம், தம்பியும் இருக்கிறான், அதை முதலில் எழுதிவிட்டேன், இனி நீ பதறாமல் வாசிக்கலாம். தம்பி ஏன் போன் எடுப்பதில்லை என்று நீ கேட்கும்போதெல்லாம் வேலை கூடிப்போச்சு என்று அம்மா சொன்னது பொய். அவன் வேலைக்குப் போய் மாதக்கணக்காகிறது. போனில் சொல்லலாமென்று எத்தனையோ தடவை தொடங்கினேன், பக்கத்து அறையில் அவன் படுத்திருப்பான். அதனால்தான் கடிதம்.

தாரிணியும் அவனும் கலியாணம் முறிந்து பிரிந்த பிறகு டப்போவில் இருந்த வீட்டை விட்டுவிட்டு அவன் எங்களிடம் வந்தது உனக்குத் தெரியும். வரும்போது உடுப்புப் பெட்டிகளோடு அந்தத் துவக்கையும் கொண்டுவந்தான். அங்கே வயல்களை உழக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட விவசாயி ஒருவரோடு போய்வருவானே, அதற்கு வாங்கியது. லைசன்ஸ் உண்டு, பொலிசுக்கு விலாசம் மாறியதையும் அறிவித்து, கராஜில் இரும்பு அலுமாரியைக் கொங்கிறீற்றோடு பூட்டி, சட்டப்படி எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தான். நான் ஒன்றும் பேசவில்லை. துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் கடந்து வந்த எனக்கு, அது என் கார் நிற்கிற இடத்தில் இருப்பது முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை, ஆனால் அவன் இருந்த நிலையில் அதைப் பெரிதாக்க வேண்டாமென்று அம்மா தடுத்துவிட்டா.

அதற்குப் பிறகு அவன் கொஞ்சம் கொஞ்சமாக வற்றிப்போனான். சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே திருப்பி வைப்பான். தன்னுடைய கிரிக்கெற் மட்டைகளையும் நல்ல கைக்கடிகாரத்தையும் கூட்டாளிமாருக்குக் கொடுத்துவிட்டான், இனி எனக்கு ஏன் என்று சிரித்தான். ஒரு நாள் அம்மா கராஜுக்கு உடுப்புக் காயப்போடப் போனபோது அவன் நிலத்தில் குந்தியிருந்து துவக்குக்கு எண்ணெய் பூசித் துடைத்துக்கொண்டிருந்தானாம். பன்றி சுடப் போவதற்கான ஆயத்தம் எதுவும் இல்லை. அம்மா குசினிக்கு வந்து கதிரையில் இருந்தவ, அதற்குப் பிறகு அன்று முழுக்க எழும்பவில்லை. நானும் அம்மாவும் குடும்ப டொக்டரிடம் போனோம். வீட்டில் துவக்கு இருக்கிறதா என்றுதான் அவர் முதலில் கேட்டார். இருக்கிறதென்றதும் பேனையைக் கீழே வைத்துவிட்டு, வேறு எதையும் பிறகு பார்க்கலாம், முதலில் அது வெளியே போகட்டும், சாகிற எண்ணம் இருக்கிறதா என்று அவனிடம் நேராகக் கேளுங்கள், ஒளித்துப் பேசாதேயுங்கள் என்றார்.

நேராகக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை பிள்ளை. அதை வித்துவிடன் என்று மட்டும் கேட்டேன். ஓம் அப்பா என்றான், ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. லைசன்ஸ்காரர் மட்டும் விற்கிற வாங்குகிற இணையத்தளம் ஒன்றில் விளம்பரம் போட்டான். மெல்பேர்னில் ஸ்பிரிங்வேல் பக்கத்திலிருந்து பிரதீப்குமார் என்று ஒருவர் வாங்கச் சம்மதித்தார், இந்தியத் தமிழர், ஏதோ சுடும் கிளப்பில் இருப்பவர். அந்த மட்டில் தம்பியின் தெம்பு முடிந்துவிட்டது. அவர் திரும்பத் திரும்ப அழைத்தும் இவன் எடுக்கவில்லை. கடைசியில் மேசையில் அடித்துக்கொண்டிருந்த போனை நான் எடுத்தேன். நீங்கள் இண்டைக்கே கார் எடுத்து வந்து கொண்டுபோங்கோ, இல்லாட்டி நான் பார்சலில் போட்டு அனுப்பிவிடுகிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் திடுக்கிட்டுப் போனார். “ஐயோ அங்கிள், அப்படிச் செய்யவே கூடாது. எனக்கு இன்னும் அதை வாங்க போலீஸ் பெர்மிட் வரல, அது வராம நான் தொடக்கூடாது. உங்களுக்கு லைசன்ஸ் இல்ல, நீங்களும் தொடாதீங்க. உங்க ஊர் துப்பாக்கி டீலர் மூலமா எங்க ஊர் டீலருக்கு வரணும், அதான் சட்டம்” என்றார். பெர்மிட் வர எவ்வளவு காலம் ஆகும் என்றேன், சில வாரம் ஆகும் என்றார். இன்னும் சில வாரம் அது இந்த வீட்டிலேயோ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, “அங்கிள், வீட்ல ஏதாவது பிரச்சினையா?” என்று கேட்டார். உனக்குச் சொல்லாததை, உன் மாமாமாருக்குச் சொல்லாததை, முகம் தெரியாத அந்த மனிதனிடம் அழுது சொன்னேன்.

அவர் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பெர்மிட் வரும்வரை அது உங்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, இன்றைக்கே டீலரிடம் ஒப்படைத்துவிடுங்கள், அவர்கள் பூட்டி வைத்திருந்து பிறகு அனுப்புவார்கள், நான் எத்தனை மாதமானாலும் காத்திருக்கிறேன், வாங்காமல் விட்டாலும் பரவாயில்லை என்றார். எங்களுக்குக் கிட்ட, லிட்கம் பக்கத்தில் இருந்த ஒரு டீலரின் கடையை அவரே தேடி நம்பரும் தந்தார். நான் போனை வைத்துவிட்டு நேரே தம்பியின் அறைக்குப் போனேன். நாளைக்குப் போவம் அப்பா என்றான். இப்ப என்றேன். சின்ன வயதிலும் அவனிடம் அப்படிப் பேசியவனல்ல நான். எழும்பினான்.

கராஜில் அவன் அலுமாரியைத் திறக்கும்போது அம்மா சுவரோடு நின்றா. துவக்கிலிருந்து, அது இல்லாமல் சுட முடியாத போல்ட்டைக் கழற்றி வேறாக வைத்தான், துவக்கைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான், ரவைகள் இன்னொரு பெட்டியில், எல்லாம் முறைப்படி. அலுமாரியைப் பூட்டி அதன் திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டபோது, “அம்மா, நீங்கள் என்ர அறையில இந்தத் திறப்பைத் தேடினது எனக்குத் தெரியும்” என்றான். அம்மா, ஓமடா தேடினனான், கிடைச்சிருந்தா கிணத்துக்குள்ள எறிஞ்சிருப்பன் என்றா. இந்த ஊரில் எங்கே கிணறு. யாரும் சிரிக்கவில்லை. காரை நீங்கள் ஓடுங்கோ அப்பா என்றான். நான் ஓடினேன், அவன் பக்கத்தில், அம்மா பின்னால்.

கடையில் இருந்தவ வயதான வெள்ளைக்காரப் பெண். லைசன்ஸைப் பார்த்து, துவக்கின் இலக்கத்தைப் பதிந்து, மெல்பேர்ன் டீலரின் விபரம் கேட்டு எழுதினா. விற்று முடியும்வரை இது அவனுடையதுதானே, திருப்பிக் கேட்டால் கொடுப்பீர்களா என்று நான் கேட்டுவிட்டேன். லைசன்ஸ் உள்ளவர் வந்து கேட்டால் மறுக்க முடியாது என்றா. அப்போதுதான் உன் தம்பி வாய் திறந்தான். லைசன்ஸ் கார்ட்டை மேசையில் தள்ளி, “I don't want it back. நான் வந்து கெஞ்சினாலும் தராதேங்கோ எண்டு எழுதச் சொல்லுங்கோ அப்பா” என்றான். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவ அவனை ஒரு தரம் பார்த்தா. கார்ட்டைப் பொலிசிடம்தான் ஒப்படைக்க வேண்டும், நான் இப்போதே அழைத்துச் சொல்கிறேன், அவர்கள் வழி சொல்வார்கள் என்றா. துவக்கைப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, ஒரு கதிரையை இழுத்து அவனுக்குப் போட்டா. அதில் இருந்துகொண்டு அவன் அழுதான் வினு. சின்னப் பிள்ளை மாதிரி, மூக்கு ஒழுக.

காரில் ஏறியதும், “வீட்டை போகாதேங்கோ அப்பா, ஆஸ்பத்திரிக்கு விடுங்கோ” என்றான். நானும் அம்மாவும் முருகன் கோயில் தேருக்குப் போய், வீட்டில் அவன் தனியாக இருக்கிற நாளை அதற்கென்று மனதில் குறித்து வைத்திருந்தானாம். அதை எனக்குச் சொல்லவில்லை, றோட்டைப் பார்த்தபடி அம்மாவுக்குச் சொன்னான். அம்மா பின்னாலிருந்து அவன் தலையில் கையை வைத்தவ, ஆஸ்பத்திரி வரும்வரை எடுக்கவேயில்லை.

அங்கே பல வாரங்கள் வைத்திருந்தார்கள். தாரிணி ஒருநாள் வந்தா, வோர்ட்டுக்கு வெளியே வெகுநேரம் இருந்துவிட்டு அவனைப் பார்க்காமலே போய்விட்டா. அவவிலும் எனக்குக் கோபமில்லை. இதற்கிடையில் பெர்மிட் வந்து, துவக்கு இங்குள்ள கடையிலிருந்து அங்குள்ள கடைக்குப் போய்ச் சேர்ந்தது. பிரதீப்குமார் அழைத்தார், துவக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, தம்பி எப்படி இருக்கார் என்றுதான் கேட்டார். இப்போது அவன் வீட்டில்தான் இருக்கிறான். குளிசை எடுக்கிறான், கிழமைக்கு ஒரு தரம் ஒரு டொக்டரோடு கதைக்கிறான். சுகமாகிவிட்டான் என்று உனக்கு எழுத மாட்டேன், அப்படியில்லை. சில நாள் கட்டிலை விட்டு எழும்புவதில்லை, அம்மா கதவை மெல்லத் திறந்து மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வருவா. போய்ப் பார்க்க அவன் உயிரோடு இருக்கிறான், அவ்வளவுதான் எங்களுக்கு இப்போதைக்கு.

நீ அம்மாவோடு கோபிக்காதே, மறைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. அவனிடம் எப்ப வேலைக்குப் போறாய், எப்ப இன்னொரு கலியாணம் என்றெல்லாம் கேட்டுவிடாதே. சின்னவளின் காது நோவைக் கவனி, தொப்பி போடாமல் வெளியே விடாதே. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

இந்தக் கடிதத்தை அனுப்பமுன் அவனிடம் வாசிக்கக் கொடுத்தேன், அவனுடைய கதையை அவனுக்குத் தெரியாமல் எழுதக்கூடாது என்று. முழுக்க வாசித்தான். ஒரு வரியையும் வெட்டச் சொல்லவில்லை. அக்காவை வரச்சொல்லாதேங்கோ, அவவுக்கு அலைச்சல் என்றான். அவன் அப்படித்தான் சொல்லுவான். நீ வா மகள்.

உனக்கும் மருமகனுக்கும் சின்னவளுக்கும் முருகன் எல்லா நலமும் தரட்டும். வரும் நாளை முன்கூட்டி அறிவி, விமான நிலையத்துக்கு நான் வருவேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
தேவராஜா