பத்துக்குப் பன்னிரண்டு

டீச்சர்,

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் என் மகன் ஒரு பெரிய தாளை விரித்து வைத்தான். சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒரு மூலையில் உப்பு ஜாடி, ஒரு மூலையில் ஊறுகாய் பாட்டில், இன்னொன்றில் தண்ணீர்ச் சொம்பு, நான்காவதில் தன் கைப்பேசி. மொட்டை மாடியில் எனக்காகக் கட்டப்போகிற அறையின் பிளான் அது. நீலக் கோடுகளுக்கு நடுவே அளவு எழுதியிருந்தது: பத்துக்குப் பன்னிரண்டு. மை வாடை போகாத தாளில் அந்த இரண்டு எண்களைப் பார்த்ததும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. உங்கள் அறையும் அதே அளவுதான். நானே அளந்திருக்கிறேன். உங்களுக்குத் தெரியாமல், நீங்கள் காபி கலக்கத் திரும்பியபோது, காலடி வைத்து.

“உனக்கு இது போதும்மா” என்றான் மகன். “பெருக்கித் தொடைக்கிற வேலை கம்மி. முட்டி வலி, முட்டி வலின்றியே. இப்ப எல்லாரும் சின்ன வீட்டுக்குத்தான் மாறுறாங்க.”

முட்டி வலிக்காரியை ஏன் மாடிக்கு ஏற்றுகிறான் என்று எனக்கு உடனே சந்தேகம் வந்தது. கைப்பேசியில் ஒரு படம் காட்டினான். எந்த நாடோ, புல்வெளியில் ஒரு குட்டி மர வீடு. கணவனும் மனைவியும் ஆளுக்கொரு கோப்பையோடு வாசற்படியில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். அந்த வீட்டில் துடைப்பம் எங்கே வைத்திருப்பார்கள் என்று தேடினேன். காணோம்.

“கீழ் வீட்டை என்ன செய்யப்போற?”

“ரூம் ரூமாப் பிரிச்சு, பௌர்ணமிக்கு மலை சுத்த வர்றவங்களுக்கு விடலாம்மா. வெள்ளிக்கிழமை மேஸ்திரி வர்றாரு. அதுக்குள்ள சரின்னு சொல்லிடு.”

யோசித்துச் சொல்கிறேன் என்று அவனைச் சென்னைக்கு அனுப்பிவைத்தேன். யோசிப்பது என்றால் எனக்கு இன்னும் உங்களோடு பேசுவதுதான். நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகியும் அந்தப் பழக்கம் விடவில்லை.

நீங்கள் கணக்கு, நான் அறிவியல். ஒரே பள்ளி, வேங்கிக்காலில் அடுத்தடுத்த வீடு. இருபத்தெட்டு வருடம் நான் உங்களை டீச்சர் என்றேன், நீங்கள் என்னை டீச்சர் என்றீர்கள். “உங்க ரெண்டு பேருக்கும் பேரே வெக்கலியா?” என்று என் வீட்டுக்காரர் இருந்தவரை கேட்பார். ஓய்வு பெற்ற மறு வருடம், மூன்று அறையும் கூடமும் உள்ள அந்த வீட்டை ஆபீஸ் குடும்பம் ஒன்றுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒற்றை அறைக்கு நீங்கள் குடிபோனபோது, ஊரில் எல்லோரும் மெச்சினார்கள். பள்ளி விழாவுக்குப் போனால் தமிழ் ஐயா, “கணக்கு டீச்சருக்கு இந்த வயசுல சின்ன வீடு கேக்குது பாரேன்” என்று கிண்டல் செய்தார். நீங்கள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தீர்கள்.

நான் மட்டும் நம்பவில்லை. இதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்றுதான் நினைத்தேன். முதலில் உங்கள் மருமகள் மேல் சந்தேகம். ஒரு கல்யாணத்தில் அந்தப் பெண்ணை ஓரம் கட்டி விசாரித்தேன். “நாங்க எவ்ளோ கூப்டோம் ஆன்ட்டி. அத்தைதான் ஓசூர்லாம் வரமாட்டேன்னுட்டாங்க” என்றாள். கண் கலங்கவில்லை, குரல் மாறவில்லை. அதுவே எனக்குச் சந்தேகத்தை ஜாஸ்தியாக்கியது. அடுத்து உங்கள் மேலேயே சந்தேகம். துறவு என்று காட்டிக்கொள்கிறீர்களோ?

முதல் முறை உங்கள் அறைக்கு வந்தபோது போலீஸ்காரர் மாதிரிதான் வந்தேன். ஒரு கட்டில், அதன் அடியில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒற்றை அடுப்பு, இரண்டு டம்ளர். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். ஐம்பது இட்லி வேகும் அந்தப் பெரிய பானையைத் தேடினேன்.

“அடி அண்ணாமலையில அன்னதானம் போடறவங்களுக்குக் குடுத்துட்டேன் டீச்சர்.”

“ஒன்பதாவதுல நான் நடத்தற பாடம்தான் சொல்றேன். வாயுவக் கொண்டுபோய்ச் சின்னப் பாத்திரத்துல அடைச்சா அழுத்தம் ஜாஸ்தியாகும்.”

“நான் வாயு இல்ல டீச்சர், ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். காபி ஆறுது, குடிங்க.”

எதிர் அறையில் இருந்த வெள்ளைக்கார அம்மா உங்கள் அறையை எட்டிப் பார்த்து, நெஞ்சில் கை வைத்து, “சிம்பிள், சிம்பிள்” என்று உருகினார். எனக்கு எரிச்சலாக இருந்தது. பூட்டி வைத்த சொந்த வீட்டின் சாவி பைக்குள் இருக்கிறவர்களுக்கு ஒற்றை அறை இனிக்கத்தான் செய்யும். நம் எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாளே, ஐந்து பேர் இருக்கும் ஒற்றை அறையில் வீட்டுப் பாடம் எழுத இடமில்லாமல், வாட்ச்மேன் விரட்டும்வரை பள்ளி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுவாள். அவள் வீட்டை எந்த வெள்ளைக்காரரும் படம் எடுத்துக்கொண்டு போகவில்லை. இதை உங்களிடமே சொன்னேன். நீங்கள் மறுக்கவில்லை. “ஆமா டீச்சர். எனக்கும் வேங்கிக்கால்ல வீடு கீது. அதனாலதான் இது எனக்கு நல்லா கீது” என்றீர்கள். வெளிப்படையாகச் சொன்னால் சந்தேகம் தீர வேண்டும். எனக்குத் தீரவில்லை.

அதனால்தான் அந்தப் பௌர்ணமியன்று அப்படிச் செய்தேன்.

நம் ஊரில் பௌர்ணமி வந்தால் எந்த வீடும் அந்த வீட்டுக்காரருக்குச் சொந்தமில்லை. வெளியூர்ச் சொந்தக்காரர்கள், அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று பையோடு வந்து இறங்குவார்கள். குளிக்க வெந்நீர், கிளம்பும் முன் டிபன், மலையைச் சுற்றி வந்ததும் படுக்கப் பாய், காலையில் மறுபடி டிபன். யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சொன்னால் அந்நியமாக இருக்குமாம். என் வீட்டில் எட்டு பத்துப் பேர் என்றால் உங்கள் வீட்டில் இருபது. உங்கள் வீட்டுக்காரர் பக்கம் பெரிய குடும்பம்; அவர் காலமான பிறகும் வரத்து குறையவில்லை.

அன்று சாயந்திரம் உங்கள் நாத்தனார், போளூர்ப் பக்கத்திலிருந்து பதினோரு பேரோடு வந்து பழைய வீட்டின் கதவைத் தட்டினார். திறந்தது ஆபீஸ்காரரின் மனைவி. நீங்கள் வீடு மாறியது அவர்களுக்குத் தெரியாது. கேட்காமலே வந்து பழகியவர்கள், கேட்டுவிட்டு வர அன்று மட்டும் எப்படித் தோன்றும்? பிறகு என் கதவைத் தட்டினார்கள். என் கூடம் அன்று காலியாகத்தான் இருந்தது. கூப்பிட்டு உட்கார வைத்திருக்கலாம். நான் விலாசத்தைச் சொல்லி, ஆட்டோ ஸ்டாண்டையும் காட்டினேன். சின்ன வீடு இப்போது என்ன செய்கிறது, பார்க்கலாம் என்று.

அரை மணி கழித்து நானும் வந்தேன். சந்தில் பதினோரு பேரும் பைகளோடு வரிசையில் நின்றிருந்தார்கள். நீங்கள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, “உள்ள வாங்க, வாங்க. ஆனா ஒவ்வொருத்தரா வாங்க” என்று சிரித்தபடி அழைத்துக்கொண்டிருந்தீர்கள். ஒருவர் உள்ளே போவார், சுற்றிப் பார்ப்பார், வெளியே வருவார். அடுத்தவர் போவார்.

“இன்னா அண்ணி, கருவறையாட்டம் கீது உங்க வூடு! உள்ள போறவங்களுக்கு விபூதி கிபூதி உண்டா?” என்றார் நாத்தனார்.

“தண்ணி உண்டு. டம்ளர்தான் ரெண்டே ரெண்டு.”

“இத்தினி வருசமா எங்க அண்ணன் வூட்லதான் தங்குனோம். இப்ப நடு ரோட்ல நிக்கிறோம், பாத்துக்க.”

“பாத்துனுதானே கீறேன்” என்றீர்கள், அதே சிரிப்போடு.

அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போன பிறகு நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். “நீங்கதான் அனுப்புனீங்களா டீச்சர்?”

“இல்லியே. அவங்களே விசாரிச்சினு வந்திருப்பாங்க.”

“ம்” என்றீர்கள். நான் சொன்னது பொய் என்று உங்களுக்குத் தெரியும். தெரியும் என்று எனக்கும் தெரிந்தது. டீச்சர், நான்தான் அனுப்பினேன். அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

அதன்பிறகு நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு அறையைப் பூட்டினீர்கள். எங்கே என்று கேட்டேன். “மலை சுத்த” என்றீர்கள். “முப்பத்தொரு வருசமா இந்த ஊர்ல கீறேன். பௌர்ணமியன்னிக்கு ஒரு தபா கூட நான் சுத்தனதில்ல, தெரியுமா? எனக்குக் கிரிவலம்னா அடுப்பச் சுத்தறதுதான்.”

எனக்கும் அதுதானே கதி. ஆனாலும் கேட்டேன். “பெரிய வீட்லயே இருந்துகினு, இனிமே முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே?”

“மூணு ரூம வெச்சுனு இடமில்லன்னு எப்படிச் சொல்றது? எனக்கு வாய் வராது டீச்சர். இப்ப நான் ஒண்ணும் சொல்ல வேணாம். வீடே சொல்லிடுது.”

அதுதான் உங்கள் சின்ன வீட்டின் ரகசியம். எளிமையும் இல்லை, துறவும் இல்லை. வாயில் வராத ஒரு சொல்லுக்குப் பதிலாகப் பத்துக்குப் பன்னிரண்டில் நான்கு சுவர். எனக்கு அது புரிந்தது. புரிந்ததோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றிலிருந்து இன்னொரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. யாரையெல்லாம் வெளியே நிறுத்த அந்தச் சுவர்? அந்தக் கணக்கில் நானும் உண்டா?

நீங்கள் காய்ச்சலில் படுத்தபோது அதற்குப் பதில் கிடைத்துவிட்டதாக நினைத்தேன். கஞ்சியோடு வந்தேன். கூடவே மாற்றுப் புடவை வைத்த பை. இரண்டு நாள் உங்களோடு இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று. நீங்கள் கஞ்சியை வாங்கிக்கொண்டீர்கள். பையைப் பார்த்தீர்கள்.

“இடம் எங்க டீச்சர்?”

அளந்தவள் நான். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பாய் தாராளமாக விழும். அது உங்களுக்கும் தெரியும், கணக்கு டீச்சர் அல்லவா. நாத்தனாருக்கு வீடு சொன்ன பதிலைத்தான் எனக்கும் சொல்கிறீர்கள் என்று தோன்றியது. பையை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். நான்காம் நாள் உங்கள் மகன் வந்து ஓசூருக்கு அழைத்துப் போனார். நீங்கள் திரும்பி வரவில்லை.

நேற்று, வியாழக்கிழமை, மகன் போன் செய்தான்.

“என்னம்மா, மேஸ்திரிய வரச் சொல்லட்டா?”

“கீழ வந்து தங்கறவங்கள யாருப்பா பாத்துக்கறது?”

“நீதான் மேலயே இருக்கியேம்மா. சாவி குடுக்கறது, காலைல ஒரு காபி... உனக்கும் பொழுது போகும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்கள் சின்ன வீட்டில் பெரிய வீட்டின் வேலை இல்லை. எனக்கு வரைந்திருந்த சின்ன வீட்டில் பெரிய வீட்டின் வேலை அப்படியே இருந்தது, வீடுதான் இல்லை. அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அந்தத் தாளில் நான் எங்கே படுப்பேன் என்று வரைந்திருக்கிறான், அவ்வளவுதான். நான் என்ன ஆவேன் என்று அவனுக்கு யோசிக்கத் தெரியவில்லை.

“வேணாம்பா” என்றேன்.

“ஏம்மா? உன் நல்லதுக்குத்தானே...”

“தெரியும். எனக்கு இஷ்டமில்ல. நான் கீழயே இருக்கேன்.”

“அப்ப மேஸ்திரிக்கு என்ன சொல்றது?”

“அம்மா வேணாம்னுட்டாங்கன்னு சொல்லு.”

அறுபத்தாறு வயதில், பெற்ற பிள்ளையிடம், காரணம் எதையும் குறுக்கே வைக்காமல் முதல் முறையாக அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறேன். சொல்லத் தெரிந்தவளுக்கு வீட்டின் அளவு முக்கியமில்லை என்று இங்கே எழுத ஆசை. எழுத மாட்டேன். அடுத்த பௌர்ணமிக்கு என் தம்பி சம்சாரம் பையோடு வந்து நின்றால் இதே வாய் திறக்குமா என்பது எனக்கே சந்தேகம்.

ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. வேண்டாம் என்று சொன்ன அந்த நொடியில் அவன் மேல் இருந்த பாசம் எனக்கு இம்மியும் குறையவில்லை. போனை வைப்பதற்குள், “சாப்ட்டியாப்பா?” என்று கேட்டேன். வாய் தானாகக் கேட்டது. அவன் “ம்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அந்த “ம்” கேட்ட பிறகுதான் எனக்கு அந்த மத்தியானம் முழுதாக ஞாபகம் வந்தது. இடம் எங்கே என்று நீங்கள் சொல்லி, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சந்தில் இறங்கிய பிறகு, கட்டிலில் இருந்தபடியே ஒரு குரல் கொடுத்தீர்கள். காய்ச்சல் குரல். “டீச்சர், வெயில் ஜாஸ்தியா கீது. குடை வெச்சினு கீறீங்களா?”

ஒப்புக்குக் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன். அதையும் சந்தேகித்தேன். பதில் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். பாசம் குறைந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள் என்பது நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது. இனி அந்தக் கேள்விக்கான பதிலை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன்? என்னிடமேதான் இருக்கப்போகிறது.

குடை இருந்தது டீச்சர். அந்தப் பையில்தான், புடவைக்குக் கீழே இருந்தது.