குனிந்திருந்த ஆள்

பெட்டியைத் திறந்ததும் கஞ்சி வாடை அடித்தது. செல்லூரில் உன் வீட்டு விசைத்தறியில் நெய்த வெள்ளைத் துணி. நடுவில் கறுப்புப் பெயிண்டில் நீ போட்ட பெருக்கல் குறி இன்னும் அப்படியே இருக்கிறது. அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவன்தான், எழுந்திருக்க முடியவில்லை. இதைப் படிக்க நீ இல்லை. இருந்தும் எழுதுகிறேன்.

நாகமலை புதுக்கோட்டைக்குப் பின்னால் இருக்கும் பொட்டலில் இந்தத் துணியை விரிப்போம். நீ கட்டிய ஆளில்லா விமானம் மேலிருந்து கேமராவால் இதைக் கண்டுபிடித்துத் தானாக இறங்க வேண்டும். ஆள் தெரிந்தால் இறங்காமல் மேலே போய்விட வேண்டும். அதற்காக ஆயிரக்கணக்கான படங்களில் மனிதர்களைச் சுற்றிக் கட்டம் போட்டு, 'இது ஆள்' என்று கணினிக்குச் சொல்லிக்கொடுத்தேன். அந்த வேலை என்னுடையது.

முதல் முறை விமானம் சரியாகச் செய்த நாளில் நீ துணியின் மேல் கையை விரித்து நின்றாய். தலைக்கு மேலே வந்து, உன்னைப் பார்த்து, உயர்ந்து போனது.

"மாப்ள, இம்புட்டு மரியாதை எனக்கு எங்க வீட்டுலகூடக் கெடையாது!" என்று கத்தினாய். நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

பரவைப் பக்கம் வயல்களுக்கு மேல் பறக்கவிட்டு எடுத்த படங்களில் நாற்று நடும் பெண்கள் இருந்தார்கள். மேலிருந்து பார்த்தால் முதுகும் சேலையும்தான் தெரியும். ஒருவரைக்கூடக் கணினி ஆள் என்று சொல்லவில்லை. நீதான் கவனித்தாய்.

"குனிஞ்சிருக்கிறதும் ஆளுதான மாப்ள? இதுக்கும் கட்டம் போட்டுரு."

"நாம என்ன வயக்காட்டுலயா எறக்கப் போறோம்? பெறகு பாத்துக்கலாம்," என்றேன். விமானத்தை வாங்க நினைத்த கம்பெனிக்காரர்கள் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். கணினிக்கு மறுபடி பயிற்சி கொடுக்க நாள் இல்லை என்று அவசரப்பட்டேன். அந்தப் படங்களைத் தனியாக ஒதுக்கி வைத்தேன். நீயும் விட்டுவிட்டாய். என்னை நம்பினாய், பாவி.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் காலை. ஆடிக் காற்று. விமானம் இறங்க ஆரம்பித்த பிறகு துணியின் மூலை தூக்கிக்கொண்டு படபடத்தது.

"கல்லு வச்சுட்டு வாரேன்," என்று ஓடினாய்.

"போ, அதான் ஆளப் பாத்தா மேல போயிருமே," என்றேன்.

நீ குனிந்தாய். மடிக்கணினித் திரையில் நீ நன்றாகத் தெரிந்தாய், உன் நீலச் சட்டை, உன் முதுகு. கட்டம் மட்டும் வரவில்லை. வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று காத்திருந்தேன். கையில் ரிமோட் இருந்தது. கட்டைவிரலுக்கு அடியில்தான் விசை. அழுத்தியிருந்தால் விமானம் மேலே போயிருக்கும். என் கண் உன்னைப் பார்த்துவிட்டது, ஆனால் கணினி பார்க்கட்டும் என்று நின்றேன்.

பதினைந்து கிலோ எடை, சுழலும் விசிறிகளோடு உன் மேல் இறங்கியது. நீ நிமிரவே இல்லை.

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் உன் அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "நீ பாத்துக்கிட்டுத்தானப்பா இருந்த?" என்று மட்டும் கேட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டேன். இன்றுவரை அந்தத் தெருப்பக்கம் போகவில்லை.

ஒதுக்கி வைத்த படங்கள் எல்லாவற்றிலும் இப்போது கட்டம் போட்டுவிட்டேன், ஒவ்வொரு முதுகுக்கும். நேற்று உன் கடைசி வீடியோவைக் கணினிக்குக் காட்டினேன். எவ்வளவோ உயரத்திலேயே, நீ கல்லைத் தொடும் முன்பே, உன்னைச் சுற்றிக் கட்டம் போட்டு 'ஆள்' என்றது. இறங்காதே என்றது. மறுபடி ஓட்டினேன். மறுபடியும் சொன்னது. எத்தனை முறை ஓட்டினேன் என்று தெரியவில்லை.

இந்தப் பிழைப்பே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ரிமோட்டை உடைத்தும் போட்டாயிற்று. ஆனால் பஸ்ஸில், சாப்பாட்டுப் பந்தியில், யாராவது குனிந்தால் என் கட்டைவிரல் இல்லாத விசையைத் தானாக அழுத்துகிறது, இந்த மடலின் மேல் நானே குனிந்திருக்கும் இந்த நேரத்திலும்.