அரைத் தாளம்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணா,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று போனில் கேட்டால் "லிஃப்டுக்குள்ள இருக்கேன், சிக்னல் இல்ல" என்பாய். ஸ்கேட்டிங் என்ற சொல் என் வாயிலிருந்து வந்தாலே உன் லைன் அறுந்துவிடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். இதைக் கிழித்துப் போட்டாலும் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டிப் படிக்கிற ஆள் நீ.

விஷயம் இதுதான். முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கான ஐஸ் ஸ்கேட்டிங் போட்டி மார்ச் 30 அன்று எங்கள் அரங்கில் நடக்கிறது. நான் பெயர் கொடுத்துவிட்டேன். பகல் முழுக்கக் கடையில் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துவிட்டு, மாலையில் பனித்தளத்துக்கு ஓடுகிறேன். நாம் ஜோடியாக ஆடியதை நிறுத்திப் பதினொரு வருடம் ஆகிறது. இந்த முறை தனியாக ஆடப்போகிறேன்.

ஆட்டம் இரண்டு நிமிடம் நாற்பது நொடி. இசைதான் இன்னும் கிடைக்கவில்லை. எங்கள் கோச்சுக்கு விசிலம்மா என்று பெயர் வைத்திருக்கிறோம், விசில் வாயை விட்டு இறங்காது. அவர் ஒரு வயலின் அழுகையைக் கொடுத்தார். போன வருடம் அதே மெட்டுக்கு மூன்று பேர் ஆடி மூன்று பேரும் விழுந்தார்கள். உன் மாப்பிள்ளை சொன்ன இசை எது தெரியுமா? போனில் நம்மைக் காக்க வைக்கும்போது ஓடுமே, அது. ரொம்ப மனசுக்கு நிம்மதியாக இருக்குமாம்.

சின்ன வயதிலிருந்து நமக்கு இசை தேடியவனும் நீ, வெட்டி ஒட்டியவனும் நீ. என்னைக் கீழே போட்டுவிட்டோம் என்று பனித்தளத்துக்கே முழுக்குப் போட்டவன், இப்போது லிஃப்ட் மெக்கானிக்காகி ஊரையே தூக்கி இறக்கிக்கொண்டிருக்கிறாய். எனக்கு ஒரு பாட்டு தேடித் தரக்கூடாதா?

உன்
வாலு

ஜனவரி 20

அன்புள்ள வாலு,

உன் கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

ஊரை நான் தூக்கவில்லை, இரும்புக் கம்பி தூக்குகிறது. அது அறுந்தால் பிடிக்க பிரேக் இருக்கிறது. அன்றைக்கு என்னிடம் இல்லாதது அதுதான். சரி, அதை விடு.

இசை தேடித் தருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை: பார்க்க வா என்று கேட்காதே. பனித்தளத்தின் கதவு வரைக்கும் வந்தாலே என் கால் தானாகத் திரும்பி நடக்கிறது.

இத்துடன் உள்ள பென் டிரைவில் மூன்று மெட்டுகள் இருக்கின்றன. உட்கார்ந்து கேட்காதே. உட்கார்ந்து கேட்டால் எல்லாப் பாட்டும் நன்றாகத்தான் இருக்கும். சமையலறையில் மேஜையை ஓரமாகத் தள்ளிவிட்டு, காலுறையோடு நின்று, முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக் கேள். எதற்கு உன் முழங்கால் தானாகக் கிளம்புகிறதோ அதுதான் உன் பாட்டு. மாப்பிள்ளையின் அபிப்பிராயத்தைக் கேட்காதே. கல்யாணத்தன்று அவர் கைதட்டியதே தாளம் தப்பித்தான்.

அண்ணன்

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணா,

நீ சொன்னபடியே செய்தேன். முதல் மெட்டுக்கு முழங்கால் அசையவே இல்லை. இரண்டாவதற்குக் கொட்டாவி வந்தது. மூன்றாவது, அந்த அக்கார்டியன்! யாரோ பேருந்தைத் தவறவிட்டு, அதற்காக வருத்தப்படாமல் வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே நடந்து போகிற மாதிரி இருந்தது. என்னையறியாமல் சமையலறையை மூன்று சுற்றுச் சுற்றி, நாலாவது சுற்றில் குப்பைக்கூடையில் கால் விட்டேன். உன் மாப்பிள்ளை எட்டிப் பார்த்து, "ஜட்ஜ் கேட்டா இதையும் சேர்த்துக் காட்டுவியா?" என்று கேட்டார். அன்று அவருக்கு டீ கிடையாது.

விசிலம்மாவுக்குத்தான் திருப்தி இல்லை. "உருக்கமா ஒண்ணு போட்டா மார்க் வரும்டீ" என்றார். நான் பிடிவாதமாக நின்றுவிட்டேன். மனசார ஒன்று சொல்லட்டுமா அண்ணா? இந்த மெட்டைக் கேட்டதும் எனக்கு இருபத்திரண்டு வயது திரும்பி வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

ஜம்ப் மூன்று, கடைசியில் ஒரு ஸ்பின். எந்த ஜம்ப் எங்கே என்று ஒரு தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். சீக்கிரம் வெட்டி அனுப்பு.

வாலு

பிப்ரவரி 15

அன்புள்ள வாலு,

வெட்டிவிட்டேன். இரண்டு நிமிடம் முப்பத்தெட்டு நொடி. இரண்டு நொடி நீ மூச்சு வாங்க.

உன் மூன்று ஜம்ப்பும் மெட்டில் பெரிய அடி விழுகிற இடங்களில் வருகின்றன. அசல் பதிவைத் தேடிக் கேட்காதே, குழம்பிப்போவாய். நான் அனுப்பியதையே கேள்.

முழங்காலுக்குச் சூடு ஒத்தடம் கொடு. உனக்கு வயது முப்பத்து மூன்று.

அண்ணன்

மார்ச் 12

அன்புள்ள அண்ணா,

செய்யாதே என்றால் செய்கிறவள்தானே நான்? அசல் பதிவைத் தேடிக் கேட்டுவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். உன் இசைக்கு ஆட ஆரம்பித்த முதல் நாளே விசிலம்மா அசந்துபோனார். "என்னடீ அதிசயம்! எப்பவும் பாட்டுக்கு முன்னால ஓடுவ. இன்னிக்கு மூணு ஜம்ப்பும் அடி மேல கரெக்டா விழுது" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினைந்து நாள் பெருமையாகத் திரிந்தேன். பிறகு ஒரு சந்தேகம் வந்தது. வழக்கம்போலத்தான் குதிக்கிறேன், திடீரென்று எனக்கு எங்கிருந்து தாளம் வந்தது?

அசலையும் நீ வெட்டியதையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். அசலில் பெரிய அடிக்கு முன்னால் அக்கார்டியன் ஒரு தாளம் நின்று மூச்சு விடுகிறது. உன்னுடையதில் மூன்று இடத்திலும் அந்த மூச்சில் பாதி இல்லை. அரைத் தாளத்தை நறுக்கி எடுத்திருக்கிறாய். நான் முந்துவேன் என்று தெரிந்து, பாட்டையே முந்த வைத்திருக்கிறாய்.

அப்படியானால் உனக்குத் தெரியும். அன்றைக்கு என்ன நடந்தது என்று தெரியும்.

எனக்கும் தெரியும் அண்ணா. நீ என்னைப் போடவில்லை. உன் கை வருவதற்குள் நான் எழும்பிவிட்டேன். கீழே விழுந்த நொடியிலேயே தெரியும். அம்மா ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்து "ஒரு பொண்ணைப் பிடிக்கத் துப்பில்ல" என்று கத்தியபோது, கையில் மாவுக்கட்டோடு நான் வாயைத் திறக்காமல் படுத்திருந்தேன். முதலில் வலி, பிறகு பயம், அதற்குப் பிறகு வெட்கம். இரண்டு மாதம் நீதான் எனக்குத் தலை பின்னிவிட்டாய், கோணலாக. ஒவ்வொரு நாளும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். நீ ரிப்பனைக் கட்டி முடித்துவிடுவாய்.

என்னை மன்னித்துவிடு. திட்ட வேண்டுமானால் நேரில் வந்து திட்டு. மார்ச் 30, காலை பத்து மணி. கேட்காதே என்றாய், கேட்டுவிட்டேன்.

வாலு

மார்ச் 19

அன்புள்ள வாலு,

தெரியும். நீ அரைத் தாளம் முந்தினாய். பன்னிரண்டு வருடம் உன்னோடு ஆடியவனுக்கு நீ முந்துவாய் என்று தெரியாதா? முந்தினாலும் பிடிப்பதுதான் தூக்குகிறவன் வேலை. அன்று பிடிக்க முடியவில்லை. அதற்கு நீ என்ன செய்வாய்?

அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று நினைப்பாய். கட்டுப் போட்டுப் படுத்திருந்த பெண்ணைக் காட்டிக்கொடுக்கச் சொல்கிறாயா?

நான் விலகியது அம்மாவின் திட்டுக்காக இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. இன்றைக்கும் பக்கத்து வீட்டுக் குழந்தையை நீட்டினால் உட்கார்ந்துகொண்டுதான் வாங்குவேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

30ஆம் தேதி ஒரு எட்டு மாடிக் கட்டிடத்தில் லிஃப்ட் சோதனை இருக்கிறது. வருகிறேன் என்று சொல்ல மாட்டேன். முழங்காலைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

ஏப்ரல் 1

அன்புள்ள அண்ணா,

பேருந்தைப் பிடிக்க நீ ஓடிய ஓட்டத்தில் சரியாகப் பேசவே முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உடை மாற்றும் அறைக் கதவைத் தட்டியது விசிலம்மா என்றுதான் நினைத்தேன். எண்ணெய்க் கறை படிந்த வேலைச் சட்டையோடு நீ நிற்கிறாய். வாழ்த்து இல்லை, நலம் விசாரிப்பு இல்லை. "தலை இன்னும் பின்னலையா? திரும்பு" என்கிறாய். பின்னியும் விட்டாய். போட்டோவில் பார்த்தேன், அதே கோணல்! விசிலம்மா பிரித்துப் பின்ன வந்தார், நான் தொடவே விடவில்லை.

இப்போது என் புகாருக்கு வருகிறேன். தளத்தில் இறங்கியதும் தடுப்புக்குப் பக்கத்தில் உன்னைப் பார்த்தேன். தடுப்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்கி நின்றுகொண்டிருந்தாய். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. எந்த அவசரமும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, எப்போது குதிக்க வேண்டுமோ அப்போது குதித்தேன். மூன்று ஜம்ப்பும்! உன் பாட்டுதான் எனக்கு முன்னால் ஓடிவிட்டது. ஒவ்வொரு அடியும் விழுந்து அரைத் தாளம் கழித்துத்தான் நான் தரையிலிருந்தே கிளம்பினேன். விசிலம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். ஆறு பேரில் நாலாவது இடம். ஆனால் அண்ணா, தளத்திலேயே வாய்விட்டுச் சிரித்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் நீயும் சிரித்தாய், பார்த்துவிட்டேன்.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அப்புறம், "பதினோரு வருஷமா அவனைத் திட்டினேனே, அதையெல்லாம் இப்ப யார் திருப்பி வாங்கறது?" என்றாள். உனக்கு ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். லிஃப்டுக்குள்ளே இருக்கிறேன் என்று சொல்லிவிடாதே.

அடுத்த போட்டி செப்டம்பரில். நீ வெட்டி வைத்திருக்கிற அரைத் தாளம் எனக்கு இனி வேண்டும். மூன்று இடத்திலும் திருப்பி வைத்து அனுப்பு.

உன்
வாலு

ஏப்ரல் 14

அன்புள்ள வாலு,

பென் டிரைவ் இத்துடன் இருக்கிறது. அரைத் தாளத்தை மூன்று இடத்திலும் திருப்பி வைத்துவிட்டேன்.

அம்மா போன் செய்தாள். லிஃப்டுக்குள்ளேதான் இருந்தேன். வெளியே வந்து பேசினேன்.

உங்கள் அரங்கில் ஒன்பதாம் எண் ஷூ வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரித்துச் சொல். இப்போதைக்குத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்க்கத்தான்.

அண்ணன்