சைபரிலிருந்து எண்ணியவனுக்கு

இன்று காலை புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் ஒருவர் பொரியைப் படியால் அளந்து கொட்டினார். முதல் படிக்கு "லாபம்" என்றார், பிறகு ரெண்டு, மூணு. ஒன்று என்பதற்குப் பதில் லாபம் என்று தொடங்கும் இந்தப் பழக்கம், நெல்லளக்கும்போது சாரம் கிராமத்தில் எங்கள் வீட்டிலும் உண்டு. கேட்டதும் உன்மேல் பழைய கோபம் வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. நீ மண்ணுக்குள் போய் இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. கல்லூரியில் நம் இருவருக்கும் ஒரே பெஞ்சு. நூலில் கட்டிய பித்தளைக் குண்டை ஆடவிட்டு, இருபது ஆட்டத்துக்கு ஆகும் நேரத்திலிருந்து புவியீர்ப்பின் அளவைக் கணக்கிட வேண்டும். நான் எண்ணினேன், நீ ஸ்டாப் வாட்ச்சை அழுத்தினாய். ஏழு தடவையும் முப்பத்தெட்டு நொடியும் கொஞ்சமும்தான். தடவைக்குத் தடவை நொடியில் பத்தில் ஒரு பங்குகூட மாறவில்லை. விடை மட்டும் 1084 என்று வந்தது. புத்தகத்தில் 981.

அன்று நான்கு மணிக்குள் ரெக்கார்டில் கையெழுத்து வாங்காதவனுக்குச் செய்முறைத் தேர்வு கிடையாது. தேர்வு போனால் ஏர் பிடிக்க வந்துவிடு என்று அண்ணன் சொல்லியிருந்தார். மற்ற பெஞ்சுகளில் 981-இலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு நேரத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"நாமளும் எழுதிடலாம்டா. மணி மூணேகால்" என்றேன்.

"ஏழு வாட்டியும் ஒண்ணாவே வருதுன்னா, ஒழுங்கா தப்பு பண்றோம்னு அர்த்தம். சத்தமா எண்ணு, பாப்போம்" என்றாய்.

குண்டை விட்டதும், வழக்கம்போல "லாபம்" என்றேன். நீ சிரித்த சிரிப்பில் அட்டெண்டர் எட்டிப் பார்த்தார்.

"இன்னும் ஒரு ஆட்டமே ஆவல, அதுக்குள்ள லாபமா? எங்க அத்தா கடையில மீட்டர் கோலை வெச்சதும் ஒண்ணுன்னு சொன்னா தொலைஞ்சோம். துணி கோல் முழுக்க ஓடணும், அப்புறந்தான் ஒண்ணு. விடும்போது சைபர்னு சொல்லு."

நான் இருபது என்று எண்ணியதெல்லாம் பத்தொன்பதுதான்.

பழைய எண்களை ரப்பரால் அழித்துவிடலாம் என்றேன். நீ அவற்றின்மேல் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் 'எண்ணிக்கைப் பிழை' என்று எழுதிவிட்டு மறுபடி தொடங்கினாய். மூன்றேமுக்காலுக்கு 976 வந்தது. 981 ஆக்கிவிடு என்று கெஞ்சினேன். நீ பேனாவை மூடிவிட்டாய்.

"981 வரணுமே" என்றார் ஆசிரியர்.

"எங்களுக்கு வரல சார். வந்தது இதான்."

இரண்டு மதிப்பெண்ணைக் குறைத்துக் கையெழுத்துப் போட்டார். அன்று முழுக்க நான் உன்னோடு பேசவில்லை. நம் ஊரில் அது 978தான் என்பதும், 981 என்று எழுதியவர்களைவிட நாம்தான் உண்மைக்குக் கிட்டத்தில் இருந்தோம் என்பதும் வெகுகாலம் கழித்தே எனக்குத் தெரிந்தது. அன்று உனக்கும் அது தெரியாது. அளந்ததை எழுதினாய், அவ்வளவுதான்.

பிறகு முப்பது வருஷம் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தேன். வேண்டிய விடை முதல் தடவையே வந்துவிட்டால் கையெழுத்துப் போடமாட்டேன், மறுபடி அளக்கச் சொல்வேன். சந்தேகப் பிராணி என்று கீழே வேலை செய்தவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

போன மாதம் காரைக்காலிலிருந்து உன் மகன் போன் செய்தான். "அத்தா மவுத்தாயிட்டாங்க மாமா" என்றான். மறுபடி சொல்லச் சொன்னேன். மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் அதையேதான் சொன்னான். ஒன்றாகவே வருவதால் மட்டும் சரியாகிவிடாது என்று சொன்னவன் நீ. அதைப் பிடித்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.